பாரதி போட்ட தழை

பென்னாகரம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மச்சான் முனிராஜ் அவர்களுக்கு,

தங்கச்சி வீட்டுக்காரன் முருகேஷ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம். ராஜஸ்தான் வெயிலில் காவல் நிற்கும் நீங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் செய்தால் எடுப்பதில்லை. கடிதத்தைக் கட் பண்ண முடியாது பாருங்கள், அதனால் எழுதுகிறேன்.

பாரதி மலையேற்ற வழிகாட்டியாகச் சேர்ந்த அன்று, அப்பாவை யானை மிதித்த காட்டுக்கே வேலைக்குப் போகிறவள் இனி எனக்குத் தங்கச்சி இல்லை என்று சொன்னீர்கள். பயத்தில் வந்த கோபம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நேற்று முதல் முறையாக அவளே தலைமை தாங்கி, சேலத்துக்காரர்களை மலை முகட்டுக்குக் கூட்டிப் போனாள். சாப்பாட்டு மூட்டை தூக்க நானும் போனேன். கிளம்பும்போது எல்லார் பையையும் சோதித்தாள். என் பையில் பலாச்சுளை. யானைக்கு விருந்து வைக்கவா வந்தீங்க என்று கேட்டு, பிடுங்கி செக்போஸ்ட்டிலேயே கொடுத்துவிட்டாள். புருஷன் என்ற மரியாதை கொஞ்சமும் இல்லை மச்சான்!

மூங்கில் காடு தாண்டினால் முகடு முழுக்கப் புல். இடுப்பளவு புல்லுக்குள் கடமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. எல்லோரையும் குந்த வைத்துக் காட்டினாள். உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பாதையில் யானைச் சாணம், இன்னும் ஆவி அடங்கவில்லை. ஒரு பிடி மண்ணை உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தவள், எல்லோரும் சத்தமில்லாமல் திரும்புங்கள் என்றாள். ஒருவர் மட்டும் சண்டைக்கு வந்தார். உச்சியைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம், மேலதிகாரியிடம் புகார் செய்வேன் என்று குதித்தார். அவள் குரலை உயர்த்தவே இல்லை. புகாரை ஊருக்குப் போய் எழுதுங்க, இப்ப இறங்குங்க என்றாள்.

எதிர்மேட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தோம். நாங்கள் நின்றிருந்த இடத்தை ஒரு தாய் யானையும் குட்டியும் கடந்து போயின. சண்டை போட்டவர் அதன்பிறகு அடிவாரம் வரைக்கும் பாரதியின் முதுகை விட்டு நகரவில்லை. எனக்கும் பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் என் நெஞ்சு நிறைந்திருந்தது. பட்டாளத்தில் நீங்கள் எப்படி நிற்பீர்களோ, அப்படி நின்றாள் உங்கள் தங்கச்சி.

இறங்கும் வழியில், யானை மிதித்து மாமா விழுந்த இடம் வருகிறது. காட்டில் உயிர் போன இடத்தில் வருகிறவர் போகிறவரெல்லாம் பச்சைத் தழை போடுவது உங்களுக்குத் தெரியாததல்ல. குவியல் இடுப்பு உயரம் வந்துவிட்டது. பாரதி ஒரு கொத்து ஒடித்துப் போட்டாள். நகராமல் நின்று, இன்னொரு கொத்தையும் ஒடித்துப் போட்டாள். கூட வந்த ஓர் அம்மா, எதற்கு இரண்டு என்று கேட்டார். அது எங்க அண்ணனோடது, அவர் வர்ற வரைக்கும் நான் போடுறேன் என்றாள். அந்த வழியில் போகும்போதெல்லாம் இப்படித்தானாம். எனக்கே நேற்றுதான் தெரியும்.

ஆடிப் பதினெட்டுக்கு லீவு கேளுங்கள். அவள் முன்னால் போவாள், நாம் இருவரும் பின்னால் போவோம். பலாச்சுளை எடுத்து வர மாட்டேன், சத்தியம். முனியப்பன் உங்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உங்கள் தழையை நீங்களே வந்து போடுங்கள் மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
முருகேஷ்