சூளைக்குப் போகாத கறுப்பு ஆயில்

விருத்தாசலம்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அனுசியாவுக்குப் பெரியப்பா பழமலைநாதன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஒரு குறையுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் சேரனும் எங்களைவிட ஒரு படி மேலாக இருக்க வேண்டும் என்று கோயிலில் நின்று கேட்டுக்கொண்டேன். சாமி பேரும் என் பேரும் ஒன்று என்பதால் என் கோரிக்கை வரிசையில் நிற்காது, நேராக உள்ளே போகும்.

இது எல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். உன் கல்யாணப் பந்தியில் உன் மாமனாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, லாரியில் வடிக்கிற இந்த வேஸ்ட் ஆயிலை ஒரு நாள் வீட்டு வாசலில் வண்டி நிறுத்தி வாங்கிக்கொண்டு போவார்கள், அன்றைக்கு என் தம்பி உலகநாதன் சூளையில் கறுப்புப் புகை நின்றுபோகும் என்று பாயசம் வருவதற்குள் சொல்லி முடித்தேன். சாட்சிக்கு உன் பெரியம்மாவைக் கேட்டால் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பாள், அவளுக்கு ஞாபக மறதி. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான், வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால் என் விரல் ஒன்றுக்கு அந்த எழுத்து நாலு சேர்ந்து விழுகிறது. நல்லூர்க்காரப் பையன் ஒருவன் மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், அவனிடம் முறுக்கும் எள்ளுருண்டையும் கொடுத்து அனுப்புகிறேன், அதற்கு அடியில் இது இருக்கும். முறுக்கு நொறுங்கியிருந்தால் அவன்மேல் கோபப்படாதே, உன் பெரியம்மா சுட்டதே அப்படித்தான்.

விஷயம் உன் அப்பா நெஞ்சைப் பற்றியது. அவன் இருமல் உனக்குப் போனிலேயே கேட்டிருக்கும். சூளையில் அந்தக் கறுப்பு ஆயிலை எரிக்காதே அப்பா, கேஸ் பர்னர் போட்டுக்கொள் என்று நீ கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்து, ஆடி மாதத்துக்குப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டாய் என்று உன் அம்மா பார்வதி சொன்னாள். "மாமா, அது கோவிச்சிக்கிட்டு கத்தினாக்கூட பரவால்ல, இப்பல்லாம் சாப்டியாப்பான்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிடுது" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, புகை பக்கமே போகாதீங்க, மீதியை மாத்திரை பார்த்துக்கும் என்று சொல்லியனுப்பினார். அதற்கு உன் அப்பா வாசலுக்கு வந்து என்னிடம், "சூளைக்காரன் வூட்ல புகை வராம மல்லிப்பூவா மணக்கும்?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்து முடிப்பதற்குள் அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்து நின்றான், அதோடு என் சிரிப்பு போய்விட்டது.

அவனுக்கு அந்த ஆயிலைக் கொடுத்ததே நான்தான், அது உனக்குத் தெரிந்ததுதானே. வேப்பூர் கூட்டுரோட்டில் என் ஷெட்டிலும் அக்கம்பக்கத்து ஷெட்டுகளிலும் லாரிகளுக்கு ஆயில் மாற்றும்போது வடிகிறது எல்லாம் என் ட்ரம்முக்குத்தான் வரும். தமிழ்நாட்டில் ஓடுகிற லாரியில் பாதி என் ஷெட்டில் நின்றுவிட்டுத்தான் போகிறது என்று வைத்துக்கொள். ட்ரம் நிறைந்ததும் டாட்டா ஏஸில் ஏற்றி உன் அப்பாவிடம் இறக்கிவிடுவேன், அவன் அதை மேலே தொட்டியில் ஏற்றி, குழாயில் சொட்டவிட்டு, ப்ளோயர் காற்றில் எரித்து, ஃப்யூஸ் கட்டையும் பீங்கான் பொம்மையும் வேகவைப்பான். தம்பிக்கு அண்ணன் செய்கிற உதவி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்தேன். பளபளப்புக்கு வெள்ளை க்ளேஸ் பூசின பொம்மை சூளையை விட்டு வரும்போது முகத்தில் மிளகுத்தூள் தூவினது போலப் புள்ளி விழுந்து வரும், பக்கத்து வீட்டு மாரியம்மாள் துவைத்துப் போட்ட வேட்டியிலும் அதே புள்ளி விழுந்திருக்கும், நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தோம். பொம்மை முகத்தில் விழுகிறது ஆள் நெஞ்சிலும் விழுமே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. இத்தனை இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று இப்போது ஷெட்டில் வேலை இல்லாத நேரத்தில் உட்கார்ந்து யோசிக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் புரட்டாசியில் ஜெயஸ்ரீ என்று ஒரு பெண் வேன் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தது. வேஸ்ட் ஆயிலைத் திரும்பப் புது ஆயிலாக்குகிற ஆலை ஒன்றுக்கு நம் பக்கத்து ஷெட்டுகளில் எல்லாம் ஆயில் சேகரிக்கிற வேலை அதற்கு. ஆயில் கம்பெனிகள் விற்கிறதில் ஒரு பங்கையாவது திரும்பச் சுத்தப்படுத்திக் காட்ட வேண்டும் என்று இப்போது விதி வந்திருக்கிறதாம், அதனால்தான் தேடிக்கொண்டு வருகிறார்கள். என்னைப் பார்த்ததும், "கூட்டுரோட்ல யாரக் கேட்டாலும் உங்க பேரத்தான் சொல்றாங்க" என்றது. சொல்லத்தானே செய்வார்கள். நான் விடவில்லை, இதை எப்படிச் செய்கிறீர்கள், ஏமாற்று வேலை இல்லையே என்று குடைந்து குடைந்து கேட்டேன், அந்தப் பெண்ணும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டு சொன்னது. ஆயில் ஓடி ஓடித் தேய்ந்துபோவதில்லையாம் மகளே, அழுக்காகத்தான் ஆகிறதாம். இரும்புத் தூள், கரி, தண்ணீர், கொஞ்சம் டீசல், கூடச் சேர்த்த மருந்து, இதெல்லாம் உள்ளே கலந்து கெட்டுப்போகிறதே தவிர அடியில் இருக்கிற எண்ணெய் அப்படியே இருக்கிறதாம். நம் பட்டறையில் மண்ணைக் கரைத்துத் தொட்டியில் விட்டால் கல்லும் மணலும் அடியில் தங்கும் இல்லையா, அதுபோல முதலில் தெளியவிட்டு, சூடு காட்டித் தண்ணீரை ஓட்டி, அப்புறம் டீசலை ஓட்டி, அதற்கப்புறம் ஒரு பெரிய கோபுரத்துக்குள் விட்டு உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் பம்பு வைத்து இழுத்துவிடுகிறார்கள். காற்று இல்லையென்றால் எண்ணெய் கருகுகிற அளவுக்குச் சூடு தேவையில்லை, குறைந்த சூட்டிலேயே ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து சுத்தமாக இறங்குமாம், சனியன் எல்லாம் தார் மாதிரி அடியில் தங்கிவிடுமாம். அந்தக் கோபுரம் நம் கோயில் கோபுரத்தைவிட ரெண்டு முழம் உயரம். நான் நேரில் பார்க்கவில்லை, அந்தப் பெண் செல்போனில் காட்டின படத்தை வைத்து அளந்து சொல்கிறேன்.

கடைசியில் நிறம் போவதற்கு ஒரு வகைக் களிமண்ணைப் போட்டுக் கலக்கி வடிகட்டுகிற ஆலைகளும் இருக்கிறதாம். களிமண் என்றதும் நான் விடுவேனா, மண்ணுக்கு எண்ணெயைக் குடிக்கிற குணம் உண்டு என்பது எங்கள் பரம்பரைக்குப் பிறக்கும்போதே தெரியும், உங்கள் ஆலைக்காரர்கள் எங்களை முன்னாடியே கேட்டிருந்தால் இவ்வளவு செலவு ஆகியிருக்காது என்று சொன்னேன். அந்தப் பெண் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது, மரியாதையான சிரிப்புதான்.

ஆனால் அன்றைக்கு என் ட்ரம்மை எடுக்கவில்லை. வேனிலிருந்து ஒரு சின்ன அடுப்புத் தட்டை எடுத்துச் சூடாக்கி என் ஆயிலில் ஒரு சொட்டு விட்டது. நல்ல ஆயில் என்றால் சும்மா கிடந்து புகையுமாம், என்னுடையது கடுகு தாளித்தது போலப் பட்டாசு வெடித்தது. "ஐயா, இதுல தண்ணி இருக்குதுங்க, பெட்ரோல் வாசனையும் வருது, பிரேக் ஆயில் வேற ஊத்திருக்கீங்க. இத நாங்க எடுத்தா மத்த ஆயிலும் வீணாயிடும்" என்றது. இத்தனை வருடமாக உன் அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டது என்ன தெரியுமா, "அண்ணே, பார்ட்ஸ் கழுவின பெட்ரோலயும் அதுலயே ஊத்து, சட்டுனு பத்திக்குது" என்பான். அதனால் நான் பொறுப்பாக எல்லாத்தையும் ஒரே ட்ரம்மில் ஊற்றுவேன், பையன்கள் ரேடியேட்டர் தண்ணீரையும் பிரேக் ஆயிலையும் அதிலேயே கவிழ்ப்பார்கள், நான் திட்டினதே இல்லை, எதுவும் வீணாகக் கூடாது என்கிற எண்ணம். சூளைக்கு எது நல்ல சரக்கோ அதுவே ஆலைக்கு ஆகாத சரக்காகிவிட்டது. அதைவிட ஒன்று நெஞ்சில் குத்தியது. ஆலைக்காரர்களே இரும்புக் கோபுரத்துக்குள் விடப் பயப்படுகிற சரக்கை நான் என் தம்பி மூக்குக்கு நேரே சொட்டவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே ட்ரம்மைப் பிரித்தேன். இன்ஜின் ஆயிலுக்கு மூடி போட்ட ட்ரம் ஒன்று, கழிசடைக்குத் தனி ஒன்று. மூடியைத் திறந்து வைத்த பையனை நான் போட்ட சத்தத்தில் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸே நின்றுவிட்டது. அடுத்த தடவை ஜெயஸ்ரீ வந்து சொட்டு விட்டுப் பார்த்தபோது என் ஆயில் பெட்டிப்பாம்பாகக் கிடந்தது, எடுத்துக்கொண்டு போனார்கள். உன் அப்பாவுக்கு இனி இல்லை என்று சொல்லியனுப்பினேன். அவன் சைக்கிள் கூட எடுக்காமல் பஸ் பிடித்து வேப்பூருக்கே வந்து, ஷெட்டில் எல்லாரும் பார்க்க, "ஊர் பேர் தெரியாத வேனுக்கு ஊத்துவ, கூடப் பொறந்தவன் சூளைக்கு ஊத்த மாட்டியா? நீயெல்லாம் ஒரு அண்ணனாண்ணே?" என்று கேட்டான். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். நான் பதிலுக்குக் கத்தாததைப் பார்த்துப் பையன்கள் பயந்துவிட்டார்கள். அவன் வேறு ஷெட்டுக்காரனிடம் கேட்டு வாங்கிச் சூளையைப் பற்றவைத்தான், என்னோடு பேச்சை விட்டான், தீபாவளிக்குக்கூடப் பலகாரம் பார்வதிதான் கொண்டு வந்தாள்.

தீபாவளி கழித்து, ஜெயஸ்ரீ கொடுத்த ஆயில் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு சாயங்காலமாகச் சூளைக்குப் போனேன். நம் ஷெட்டிலிருந்து போனது போன்ற ஆயிலைச் சுத்தப்படுத்தி எடுத்தது, தேன் நிறம், அடியில் விரலை வைத்தால் மேலே ரேகை தெரியும். உன் அப்பா பர்னர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பாட்டிலைக் கையில் கொடுத்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், ஒரு சொட்டை விரலில் எடுத்து மண்கூழைப் பதம் பார்ப்பது போலத் தேய்த்துப் பார்த்தான், முகர்ந்தான். தம்பி, இப்படித் திரும்பி வரக்கூடியதை நாம் எரித்துக் காற்றில் விட்டு அதையே மூச்சாக இழுத்திருக்கிறோம் என்றேன். அவன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "சரிண்ணே, நிறுத்திடறேன்" என்று சொல்லி வால்வை மூடினான். அதற்குப் பிறகு பற்றவைக்கவில்லை. கேஸ் பர்னருக்கு ஆள் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறான், தை பிறந்ததும் மாட்டுவதாகப் பேச்சு. இருமல் இன்னும் இருக்கிறது, ஆனால் படுத்தால் தூங்குகிறான் என்று பார்வதி சொல்கிறாள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே ஏசியை ராத்திரி முழுக்க ஓடவிடாதே. மாப்பிள்ளையிடம் காருக்கு ஆயில் மாற்றினால் பழசை எங்கே ஊற்றுகிறார்கள் என்று நின்று பார்த்துவிட்டு வரச் சொல், பெரியப்பா கேட்டார் என்று சொன்னால் அவர்களுக்கும் ஒரு பயம் இருக்கும். சேரனுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நூறு வருஷம் இருக்க வேண்டும், இது பெரியப்பா பெரியம்மா ஆசீர்வாதம்.

கையெழுத்துப் போடலாம் என்று பேனாவை வைத்தேன், மனசு ஒப்பவில்லை. மேலே எழுதினதில் ஒரு இடம் நான் சேர்த்தது மகளே. உன் அப்பா அந்தப் பாட்டிலைத் தொடவே இல்லை. "அழகா இருக்குது, எடுத்துப்போய் சாமி விளக்குக்கு ஊத்து" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குத் தெரிந்த விவரம் எல்லாம் அதோடு தீர்ந்துபோய்விட்டது, ஆவி, கோபுரம், களிமண் எதுவும் அவனிடம் செல்லவில்லை. அப்போதுதான் வாயில் வந்ததைச் சொன்னேன். அனு எனக்குப் போன் போட்டாள், சித்திரையில் பையனைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று இருந்தாளாம், அந்தப் புகை நிற்கிற வரைக்கும் அந்த வீட்டுக்குள் பிள்ளையை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்றேன். அவன், "அதுவா சொல்லுச்சு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். எழுந்து போய் வால்வை மூடினான், கையைக் கழுவினான், நான் வந்த பிறகும் அங்கேயே நின்றிருக்கிறான். மறுநாளிலிருந்து சூளைப் பக்கத்து அறையில் கரி படிந்த சுவரைத் தானே சுரண்டி வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறான், யாருக்கு என்று பார்வதி கேட்டால் சும்மா என்கிறானாம். உன்னிடம் நேராகக் கேட்க மாட்டான், அங்கே சித்திரை வெயில் எப்படி, பையனுக்கு நம்மூர் வெயில் ஒத்துக்குமா என்று சுற்றிச் சுற்றி வருவான். நீ அப்படிச் சொல்லவே இல்லை என்று அவனுக்குத் தெரிந்தால் என்னோடு உறவையே விட்டுவிடுவான், சூளையை மறுபடி பற்றவைத்துவிடுவான். அதனால் அவன் வெயிலைப் பற்றிக் கேட்கும்போது, ஒத்துக்கும்பா, வரோம் என்று மட்டும் சொல், சொல்லிவிட்டு வந்தும் விடு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
பழமலைநாதன்