கண்டன்சர் பெட்டி

குடவாசல்,
பங்குனி 4.

அன்புள்ள ஜெய்னுலாபுதீன் அண்ணனுக்கு நீலாம்பாள் எழுதிக்கொள்வது. அங்கே நீங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு மாதமாக நாங்கள் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அஸார் தம்பி வெள்ளிக்கிழமை ஷார்ஜா கிளம்புகிறது. அதன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இவருக்கு முழங்கை எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலது கையில் மூன்று விரலுக்கு உணர்வு இல்லை. நரம்பு மெதுவாகத்தான் வரும், வராமலும் போகலாம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்கிறார். லேத்தின் மேல் சாக்கைப் போர்த்தி வைத்திருக்கிறோம். காலையில் வழக்கம்போல் பட்டறையைத் திறந்து, அதன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார். வேலை கொண்டுவருகிறவர்களைக் கும்பகோணம் போகச் சொல்லிவிடுகிறார்.

போன வாரம் ஜன்னத் அண்ணியைப் பார்த்தேன். 'நான் செஞ்ச பெட்டியாலதானே மருதையன் கை போச்சுன்னு அழுவுறாரு, நீலா. சோறு எறங்கலயாம்' என்றார்கள். அன்றிலிருந்து எனக்கும் இறங்கவில்லை.

அண்ணா, பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் தெருவுக்கு வருவது சிங்கிள் பேஸ் கரண்ட், லேத் மோட்டாருக்கோ த்ரீ பேஸ் வேண்டும். த்ரீ பேஸ் கேட்டால் பக்கத்து வயலில் கம்பம் நட வேண்டும், வயல்காரர் விடவில்லை. லேத்தை விற்றுவிடலாம் என்றிருந்தவரை நீங்கள்தான் தடுத்தீர்கள். கண்டன்சர்களை வைத்துப் பெட்டி கட்டி, த்ரீ பேஸ் மோட்டாரை இருக்கிற கரண்டிலேயே ஓட வைத்தீர்கள். ஆறு வருஷம் அதில்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

பெட்டியின் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு மாட்டியிருந்தீர்கள் அல்லவா? சுவிட்சை அணைத்ததும் அது கொஞ்சம் எரிந்து அணையும். கண்டன்சரில் மிச்சம் நிற்கிற கரண்ட் அதில்தான் போகும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. பொங்கலன்று வீட்டில் உறவுக்காரர்கள் இருக்கும்போது அடுப்படி பல்பு போய்விட்டது. கடைகளெல்லாம் மூடியிருந்தன. பட்டறைக்கும் நாலு நாள் லீவுதானே என்று அந்தப் பல்பைக் கழற்றி மாட்டிக்கொண்டேன். திருப்பி மாட்ட மறந்துவிட்டேன்.

லீவு முடிந்த முதல் நாள். அறுவடை மிஷினின் ஷாப்ட் உடைந்து, நெல் வயலில் சாய்ந்து கிடக்க, ஆட்கள் வாசலில் நின்று அவசரப்படுத்தினார்கள். லேத் மோட்டார் உறுமியதே தவிர சுற்றவில்லை. இவர் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் பெட்டிக்குள் கையை விட்டார். பல்பு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஆளைத் தூக்கி அடித்தது. முழங்கை லேத் விளிம்பில் மோதிய சத்தம் அடுப்படியில் எனக்குக் கேட்டது.

இதற்கு மேல் எழுதத்தான் கை வரவில்லை. இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். முதல் வேலையாகப் பல்பைக் கழற்றிக்கொண்டு போய்ப் பெட்டியில் மாட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்றால், பல்பை எடுத்ததால்தான் அடித்ததோ என்ற பயம்தான். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், பல்பு சரியாக இருந்தும் அடித்திருக்கிறது என்றால் பெட்டியைக் கட்டினதில்தான் தப்பு என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் உங்கள் காதுக்கு வந்தது.

முந்தாநாள் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சாக்கு மூடிய லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'அவனுக்கு எழுதிடு' என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் மட்டும்தான் பேச்சு.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அண்ணா. இவரிடம் மட்டும் ஒரு தடவை பேசுங்கள். நீங்கள் பேசினால் அழுவார். அழட்டும், இன்னும் அழவில்லை. நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். வேலை பார்க்கிற இடத்தில் எதைத் திறப்பதானாலும் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துத் திறங்கள். உங்களுக்கு ஒன்றும் வரக்கூடாது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை என்று இன்னும் சொல்லிக்கொள்ளலாமா எனத் தெரியாத
நீலாம்பாள்