பேர் அழிந்த கல்லறைக்கு வெள்ளையடித்தவனுக்கு

சுண்ணாம்பு வாளியில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று ஒரு சூடான வாசனை எழும்புமே, இன்று காலை அது மூக்கில் ஏறியதும் உன்னைத் திட்ட வேண்டும் போலிருந்ததுடா. நாளை கல்லறைத் திருநாள். எங்கள் சர்ச் ஆட்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தன்தான் இரண்டு பிரஷ்ஷோடு போய் நின்றேன். பழக்க தோஷம்.

நீ முதலில் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது எட்டாவது படிக்கும்போது. அப்பாவுக்கு ஒத்தாசையாக நான் கிளம்ப, "கல்லறைக்கு அடிச்சா சில்லறை குடுப்பாங்களா?" என்று கூடவே ஒட்டிக்கொண்டாய். உங்கள் வீட்டில் நெசவுக்காகத் தெரு நீளத்துக்குப் பட்டுநூலை இழுத்துப் பாவு போடுவார்கள். எங்கள் ஃபாதர் வாராவாரம் 'பாவிகளே' என்பார். பாவு வீட்டுப் பையன், பாவி வீட்டுப் பையன் என்று நமக்கு நானே பட்டம் வைத்தேன். வகுப்பில் சிரித்தது நீ மட்டும்தான்.

அன்றைக்கு எங்கள் தாத்தா கல்லறைக்கு அடிக்கச் சொன்னால், நீ பக்கத்துக் கல்லறைக்கு அடித்து முடித்திருந்தாய். சிலுவை சாய்ந்து, எழுத்தெல்லாம் மழையில் கரைந்துபோன கல்லறை. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பி, அது நம்முளுது இல்லப்பா. யாருதுன்னே தெரியாது. அதுக்கு யாரும் வர்றதும் கெடையாது."

"அதனால இன்னாங்க, நாங்க வந்துட்டோம்ல," என்றாய், கொஞ்சமும் அசராமல்.

அதிலிருந்து வருடா வருடம் அதுவும் நம்முடையதாகிவிட்டது. வெள்ளையும் அடித்தோம், மெழுகுவர்த்தியும் ஏற்றினோம். ஒருமுறை பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் கேட்டாய்:

"டேய், இவங்கல்லாம் ஒருநாள் எழுந்து வருவாங்கன்னு நெஜமாவே நம்புறியா?"

"வந்தா மொதல்ல உன்னத்தான் ஒதைப்பாங்க. சட்டையெல்லாம் சுண்ணாம்பு ஒட்டிகினு கீதுன்னு."

விழுந்து விழுந்து சிரித்தோம். கேள்வி சுண்ணாம்போடு சேர்ந்து அங்கேயே காய்ந்துபோனது.

பிறகு உன் ரத்தத்தில் நோய் என்றார்கள். கண்ணமங்கலம் வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்கப் பஸ் ஏறும்போதெல்லாம், உன்னைச் சிரிக்க வைக்க என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வருவேன். மருத்துவமனைக் கட்டிலில் உன் தலை மொட்டையாக இருந்த அன்று, "எந்த சாமிக்குடா வேண்டுதல்?" என்று ஆரம்பித்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"ஜோக்கு வேணாம்டா. அன்னிக்கு கேட்டதுக்கு நீ பதிலே சொல்லல."

செத்தவர்கள் எழுந்து வருவார்களா என்றுதான் கேட்கிறாய் என்று தெரியும்.

"நம்புறேன்டா," என்றேன். "ஆனா பயமாவும் கீது."

"நம்புனா எதுக்குப் பயம்?"

"இயேசுவே அழுதாருடா. அவரு பிரெண்டு செத்தப்போ கல்லறைகிட்டப் போயி அழுதாரு. அதுக்கப்புறம்தான் பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. அவனும் எழுந்து வந்தான்."

நீ எழுந்து உட்கார்ந்தாய்.

"நம்ம கல்லறை ஆளுக்குத்தான் பேரே இல்லியே. அவர எப்படிக் கூப்புடுவாரு?"

"கல்லுலதானடா அழிஞ்சுது. அவருக்குத் தெரியும்."

"என்னக் கூப்புடுவாரா? நான் உங்க சர்ச்சு ஆளு இல்ல."

பதில் தெரிந்த மாதிரி நடித்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய். "நீயே அவருகிட்ட கேளேன்," என்றேன்.

"மந்திரம் கிந்திரம் சொல்லணுமா?"

"என்கிட்ட பேசற மாதிரி பேசு. கெட்ட வார்த்த மட்டும் வேணாம்."

கண்ணை மூடினாய். வெளியே யாரோ தட்டு கழுவும் சத்தம். உன் உதடு லேசாக அசைந்தது. கண் திறந்ததும் அவசரமாக, "இன்னாடா கேட்ட?" என்றேன்.

"அத உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? போய் டீ வாங்கினு வா, ஜல்தி."

ஓடி வந்ததில் பாதி டீயைப் படிக்கட்டில் கொட்டினேன்.

உன்னை ஆற்றங்கரையில் எரித்தார்கள். வெள்ளையடிக்க எனக்கு ஒரு கல் கூட வைக்காமல் போய்விட்டாய். அதனால் இன்று பேர் இல்லாதவரிடமே போனேன். பாதி அடித்திருப்பேன், பின்னால் கொலுசுச் சத்தம். உன் அம்மா. கையில் கனகாம்பரம்.

"அவன் சொல்லிகினே இருப்பான்பா, எங்களுக்கு ஒரு ஆளு கீறாரும்மான்னு. இவருதானா?"

"இவருதாங்கம்மா."

பூவைக் கல்லின் மேல் வைத்துவிட்டு நின்றார். பிறகு கிட்டத்தட்ட நீ கேட்ட அதே கேள்வியை, உன் குரலில் பாதி இருக்கிற அந்தக் குரலில் கேட்டார்.

"எம் புள்ளயத் திரும்பப் பாப்பன்னு நீ நம்புறியாப்பா?"

வழக்கமாக வாயில் ஓடி வரும் கேலி எதுவும் வரவில்லை. நான் தேடவும் இல்லை.

"நம்புறேங்கம்மா. தினமும் இயேசுகிட்ட கேட்டுகினே கீறேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்லறையைச் சுற்றி ஒரு நடை போய் வந்தார்.

"இந்தப் பக்கம் திட்டுத் திட்டா விட்டுட்ட பாரு. வந்தான்னா உன்னத்தான் கேலி பண்ணுவான்," என்று சொல்லி, வாளியில் சாய்த்து வைத்திருந்த இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

அன்று நீ கண்ணை மூடி என்ன கேட்டாய் என்று எனக்கு இன்னும் தெரியாதுடா. தெரியாததோடுதான் தினமும் ஜெபம் பண்ணுகிறேன்: இவன் கேட்டதைக் கொடும் என்று. நேரில் பார்க்கும்போது முதல் வேலையாக அதைச் சொல்லிவிடு. டீ நானே வாங்கி வருகிறேன், இந்தத் தடவை கொட்டாமல்.