மருந்துக்கலம் அசையாது நின்ற காரணம்

கடல் தருவன குறையாதிருக்க! கலமேறிப் போனவர் கரை சேர்க! வெண்டிரை நாட்டு வேந்தர் நெடுங்கலப் பெருமாளின் கடல்துறை அமைச்சன் குன்றநம்பி, சங்குத்தீவிலிருந்து, கீழைக்கோட்டைத் தலைவர் விழுப்பரையருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் கொடியும் குடிகளும் நலமுடன் விளங்குக.

தங்கள் சிறையிலுள்ள துடுப்பர் இருபதின்மரின் வலக்கைக் கட்டைவிரல்களை வரும் நிறைமதிக் காலையில் தறிக்குமாறு, அரச முத்திரையோடு ஓலை விடுத்தவன் நானே. அந்தத் தண்டனையை நிறுத்துக. முதலில் ஆளனுப்பித் தடுத்துவிட்டு வாருங்கள். காரணத்தைப் பிறகு வாசிக்கலாம்.

போரன்று நான் குன்றின்மேல் நின்று பார்த்தேன். நம் கலங்களெல்லாம் பகைவர்மேல் பாய்ந்துகொண்டிருக்க, காயம்பட்டோரை ஏற்றும் மருந்துக்கலம் மட்டும் காலை முதல் மாலை வரை ஒரு முழம் முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றது. அஞ்சித் துடுப்பை மடக்கிவிட்டார்கள் என்று எண்ணினேன். விசாரணையில் நான் கேட்டது ஒரே கேள்வி: அசையாமல் நின்றது உண்மையா? துடுப்புத் தலைவன் கோடன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அம்மிக்கல்லாட்டம் நின்னோமுங்க, அலையே அசந்துபோச்சு" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அதைத் திமிர் என்று கொண்டு, நாற்பது பேருக்கும் தண்டனை எழுதி, பாதிப் பேரைத் தங்களிடம் அனுப்பினேன். கோடன் உள்ளிட்ட மீதிப் பேரைக் கலத்திலேயே விலங்கிட்டேன். ஏன் நின்றீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. என் அறிவு அன்று எங்கே மேயப் போயிருந்ததோ!

நேற்று முற்பகல் மருத்துவர் வேண்மாள் என்னைக் கலத்திற்கு அழைத்தார். எயினன் என்னும் வீரனின் கழுத்தில், உயிர்நரம்பை ஒட்டி முறிந்து தங்கிய அம்புமுனை சீழ்கட்டிப் புடைத்திருந்தது. படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோனால் வழியிலேயே நரம்பு அறும். நங்கூரமிட்ட கலமோ அலைக்கு அலை தூக்கிப் போடுகிறது. துடுப்பரை விடுவித்தாலன்றிக் கத்தி வைக்க மாட்டேன் என்று அவர் உறுதிபடச் சொன்னார். அரை மனத்தோடு விடுவித்தேன்.

நங்கூரம் ஏறியது. வேண்மாள் வெறுங்காலால் பலகையைத் தட்ட, கீழே கோடன் குரல் கொடுக்க, அலை தூக்குமுன் ஒரு பக்கம் உந்தியும் மறு பக்கம் இழுத்தும் இருபதின்மரும் கலத்தைப் பிடித்தார்கள். விழுப்பரையரே, சுற்றிலும் கடல் கொந்தளிக்க, என் காலடிப் பலகை வீட்டுத் தரைபோல் ஆயிற்று! "இவன் தலையை அசையாம பிடிச்சுக்குங்க ஐயா. பயமா இருந்தா கண்ணை மூடிக்குங்க, கையை மட்டும் விட்டுறாதீங்க" என்றார் மருத்துவர். நான் கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கீறல். நான்காம் தட்டில் அம்புமுனை வெளியே வந்தது. எயினன் விழித்துக் கஞ்சி கேட்டான். அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

கீழே இறங்கிப் பார்த்தேன். துடுப்புப் பிடிகளெல்லாம் குருதி. ஒருவனுக்காக அரை நாழிகை நின்றதற்கே இப்படி! போரன்று காயம்பட்ட அறுபத்துமூவருக்காகப் பகல் முழுதும் நின்றிருக்கிறார்கள். கேடயம் பிடிக்கக் கை ஒழியாமல், அம்பு மழையில் அறுவர் அமர்ந்தபடியே மாண்டிருக்கிறார்கள். அவர்கள் துடுப்பை அருகிலிருந்தவர் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். இத்தகைய வீரத்தை நான் எந்தப் போர்க்கலத்திலும் கண்டதில்லை. இதற்கா விரல் தறிக்க எழுதினேன்!

ஆகையால் அந்த இருபதின்மரின் விலங்கைக் களைந்து, என் பொருட்டு மன்னிப்புக் கேட்டு, விரைகலத்தில் ஏற்றி இங்கே அனுப்புக. இன்னும் பதினெழுவர் கத்திக்குக் காத்திருக்கிறார்கள். இங்குள்ளோர் கைகள் ஓய்ந்துபோயின.

வேந்தரின் ஒப்புதல் பெற நாளில்லை. அவர் முத்திரையிட்ட ஆணையை மாற்ற எனக்கு அதிகாரமும் இல்லை. எனவே இவ்வோலையில் அரச முத்திரை இல்லை. சூடு ஆறாத அரக்கில் என் வலக்கைக் கட்டைவிரலைப் பதித்திருக்கிறேன். வேந்தர் சினந்து, விரல் தறித்தே ஆகவேண்டும் என்றால், இந்த ரேகையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தறிக்க.

இவை குன்றநம்பி எழுத்து.