அலமாரிக்குள் ஒரு சாக்ஸபோன்

ஜூன் 4, வியாழன்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். இன்றும் துணி அலமாரிக்குள் உட்கார்ந்துதான் பயிற்சி. சாக்ஸபோன் வாயில் அண்ணனின் காலுறைகளை அடைத்தேன். பயனில்லை, சத்தம் பக்கவாட்டு ஓட்டைகள் வழியே வருகிறது. "பக்கத்து வீட்ல மாடு வாங்கிட்டாங்களா?" என்று அப்பா கேட்டார்.

ஜூன் 6, சனி

சித்தப்பாவின் நடன இசைக்குழுவில் எனக்கு இது இரண்டாவது நிகழ்ச்சி. அவர் டிரம்ஸ். வழக்கமாக ஊதுபவருக்கு முன்பல் போய்விட்டதால் நான். வீட்டில் கணக்கு டியூஷன் என்று சொல்லியிருக்கிறோம்.

"இன்னைக்கு என்ன நடத்தினாங்க?" என்றாள் அம்மா.

"முக்கோணம்."

வீங்கிய என் கீழுதட்டைப் பார்த்தாள். "முக்கோணம் கடிக்குமா?"

ஜூன் 13, சனி

பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நீயே பாடு" என்றார் கிட்டார்காரர். அவர்தான் தலைவர், அவர் முஷ்டியைத் தூக்கினால்தான் பாட்டை முடிக்கலாம், விரலைச் சுழற்றினால் இன்னொரு சுற்று. மாற்று ரீடை, அந்த நாணல் சீவலை, ஈரமாக இருக்கட்டும் என்று கன்னத்தில் அடக்கியிருந்தேன். பதற்றத்தில் எடுக்க மறந்து அப்படியே ஒரு காதல் பாட்டைப் பாடித் தொலைத்தேன். பல் வைத்தியரிடம் அழுவதுபோல இருந்தது. ஆனாலும் ஆடினார்கள்!

"வெளிநாட்டுப் பாட்டுனு நினைச்சிருப்பாங்க," என்றார் சித்தப்பா.

ஜூன் 17, புதன்

அப்பா ஆபீஸ் ஆண்டுவிழாவுக்கு எங்கள் குழுதானாம். சனிக்கிழமை. பள்ளிப் பாட்டுப் போட்டிக்கே விடாதவர். தெரிந்தால் பள்ளியில் இரவல் வாங்கிய சாக்ஸபோனை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் என்ன செய்வேன்?

"தொப்பியை இறக்கிப் போட்டுக்கோ. உங்கப்பா எங்க ஆடப் போறாரு, சாப்பிட்டதும் கிளம்பிடுவாரு," என்கிறார் சித்தப்பா.

ஜூன் 20, சனி

ஆடினார். அம்மாவோடு. நன்றாக வேறு ஆடினார்.

பாதிப் பாட்டில் என்னைப் பார்த்துவிட்டார். மேடைப் பக்கம் ஓரடி வைத்தார். அம்மா கையை விடவில்லை. "பாட்டு முடியட்டும்" என்றது அவள் வாயசைவு. பாட்டு முடிஞ்சாத்தானே?

தலைவர் முஷ்டியைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இன்னொரு சுற்று. அப்புறம் இன்னொன்று. "ஏய், நிறுத்துடி," என்றார் சித்தப்பா பின்னாலிருந்து. நிறுத்தினா நான் செத்தேன் சித்தப்பா. உதடு வலித்தால் பாடினேன், குரல் கம்மினால் ஊதினேன். ஒவ்வொரு ஜோடியாகப் போய் உட்கார்ந்துவிட்டது. அப்பா மட்டும் அம்மாவிடம் மாட்டிக்கொண்டு சுற்றினார். கடைசியில் ஒரு நாற்காலியில் விழுந்து கையைத் தூக்கினார் — அடிக்கவா?

தண்ணீர் கேட்டார்.

வீடு வரை அப்பா முழங்காலைத் தேய்த்தார். அம்மா அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் 21, ஞாயிறு

அப்பா எழுந்திருக்கவே இல்லை. வீடெல்லாம் தைல வாசனை.

ஜூன் 24, புதன்

அலமாரிக் கதவை அப்பா திறந்தார். கோட்டுகளுக்கு நடுவே நான். சாக்ஸபோனிலிருந்து காலுறைகளை உருவினார், முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார்.

"இதுக்குள்ள எப்படி மூச்சு விடுற? கூடத்துல வந்து வாசி."

கோட்டுகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஒண்ணு மட்டும். அந்த ஆள் முஷ்டியைத் தூக்கினா நிறுத்தணும். எல்லாருக்கும் உங்கம்மா மாதிரி முழங்கால் இருக்காது."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "சனிக்கிழமை டியூஷனுக்கு நாங்களும் வரோம். எனக்கும் முக்கோணம் மறந்துபோச்சு."

அப்பா தைலக் குப்பியைத் தேடப் போனார்.