வராதவர்கள் கை தூக்கவும்

மார்ச் 4

பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது ஒரு நாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர், "இன்னைக்கு வராதவங்க எல்லாம் கை தூக்குங்க" என்றார். என் வகுப்பில் ஒருத்தி மெல்ல என் பக்கம் சாய்ந்து கேட்டாள்: "வராதவங்க எப்படி டீச்சர் கை தூக்குவாங்க?"

இன்று நான் உறுப்பினராக இருக்கும் அறக்கட்டளையின் கூட்டத்தில் அவள் ஞாபகம்தான். கடல் தாண்டி ஒரு நாட்டில் காலரா. அங்கிருந்து ஒருவரை நம் செலவில் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு படிக்க வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நல்ல காரியம். இருப்பது ஒரே இடம். தலைவர் நிபந்தனை எழுதினார்: நேர்முகத் தேர்வு நேரில்தான் நடக்க வேண்டும், தொலைபேசி கூடாது.

தொற்றுக்குப் பயந்து அங்கிருந்து வரும் விமானங்களையே நிறுத்திவிட்டார்கள் என்றேன்.

"ஆர்வம் இருக்கிறவன் எப்படியும் வருவான் டீச்சர்" என்றார் தலைவர்.

எப்படி? நீந்தியா?

"நான் அப்பவே சொன்னேன், மூஞ்சியைப் பாத்தாத்தான் ஆளை எடை போட முடியும்னு" என்றார் உறுப்பினர் டாக்டர். இந்த மனிதர் எதையும் இப்போது சொன்னதே இல்லை. எல்லாம் அப்பவேதான்.

வீட்டில் தங்கையிடம் புலம்பினேன். "கமிட்டின்னா டீ வரும், பிஸ்கட் வரும். புத்தியும் வரும்னு உனக்கு யாரு சொன்னதுக்கா?" என்றாள்.

மார்ச் 11

வந்தவை இரண்டே விண்ணப்பங்கள். ஒருத்தி அங்கே காலராக் கூடாரத்தில் வேலை பார்க்கும் பட்டதாரி நர்ஸ். மற்றவர் அந்த நாட்டில் பிறந்து, தவழும் வயதில் இங்கே வந்து, தலைவரின் மருமகனோடு டென்னிஸ் ஆடும் இளைஞர்.

மார்ச் 12

நர்ஸைக் கூப்பிட்டேன். குரல் விட்டு விட்டுக் கேட்டது. இந்தப் படிப்பு எதற்கு என்றேன்.

"வர்றவங்களுக்கு டிரிப்ஸ் ஏத்துறேன் டீச்சர். பொழைச்சு வீட்டுக்குப் போறாங்க. அடுத்த வாரம் அதே வீட்டிலேர்ந்து தங்கச்சி வருது, அப்பா வர்றாரு. எந்தத் தண்ணியிலேர்ந்து வருதுன்னு தேடத்தான் எனக்குத் தெரியல. அதை யாராச்சும் சொல்லிக்கொடுத்தா போதும்."

இத்தனை வருஷத்தில் எந்த மாணவரும் தனக்கு எது தெரியாது என்று இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. கூரை ஒழுகுகிறது. பாத்திரம் வைத்து வைத்து அலுத்துப்போனவள், ஓட்டையைத் தேட ஏணி கேட்கிறாள். நாங்கள் என்ன சொல்கிறோம்? ஏணி இங்கே இருக்கிறது, நனையாமல் வந்து வாங்கிக்கொள்.

மார்ச் 19

நேர்முகத் தேர்வு. நர்ஸின் நாற்காலி காலி. "வரலையே. ஆர்வம் இல்லை போல" என்றார் தலைவர். வாய் கூசவில்லை. தொலைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"விதின்னா விதி டீச்சர். நீங்க பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே?"

இளைஞர் நல்ல சட்டை போட்டிருந்தார். காலரா எதனால் வருகிறது என்று கேட்டேன். "விழிப்புணர்வு இல்லாததால" என்றார். டாக்டர் மெச்சித் தலையாட்டினார்.

தேர்வாகிவிட்டார். பூங்கொத்து, கைகுலுக்கல், புகைப்படம்.

மார்ச் 20

கிணற்றுக்குள் விழுந்தவளுக்குக் கயிறு வாங்கி, கரையில் நிற்பவன் இடுப்பில் கட்டியிருக்கிறோம். சீ.

ஏப்ரல் 2

இளைஞர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வந்தார். படிப்பு முடிந்ததும் மூன்று வருஷம் அங்கே போய் வேலை பார்க்க வேண்டும் என்ற வரியை இன்றுதான் படித்தாராம்.

"அங்கேயா? அங்க காலரா இருக்கே சார்."

பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் பேனா. அதையாவது விட்டுப் போனாரே.

ஏப்ரல் 9

மிச்சம் நர்ஸ் ஒருத்திதான். தலைவரோ இன்னும் ஒற்றைக் காலில் நிற்கிறார்: நேரில் வராவிட்டால் இந்த வருஷம் யாருக்கும் கிடையாது. கழித்தல் கணக்கு வராத பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னேன்.

"நேர்ல பாக்கணும், அவ்வளவுதானே? அவ வர முடியாது. நாம போவோம். மருந்து கொண்டுபோற விமானத்துல எடம் தர்றாங்களாம், விசாரிச்சிட்டேன். திரும்பி எப்போ கூட்டிட்டு வருவாங்கன்னுதான் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் வர்றீங்கள்ல?"

டாக்டர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"போன்ல பேசினாலும் பேச்சு பேச்சுதானே டீச்சர்" என்றார் தலைவர்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் டாக்டர்.

ஒரு மாதமாக நியாயம் பேசினேன், அசையவில்லை. சொந்த உடம்புக்கு ஆபத்து என்றதும் ஒரு வாய் டீ குடிக்கும் நேரத்தில் விதி செத்துப்போனது. இவர்களைத் திட்டினால் நல்ல தமிழ்தான் வீண்.

ஜூலை 28

விமானம் இன்னும் விடவில்லை. நர்ஸுக்கு முதல் பருவத்தைக் கல்லூரி தொலைபேசியிலேயே நடத்துகிறது. அறக்கட்டளைச் சுவரில் அந்த இளைஞரின் புகைப்படம் இன்னும் தொங்குகிறது. கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

நர்ஸ் இன்று கூப்பிட்டாள். பின்னால் கூடாரத்துச் சத்தம். நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுவது அவளுக்குக் கொடுத்த பயிற்சியாம்.

"பாதிப் புள்ளி ஒரே கிணத்தைச் சுத்தி நிக்குது டீச்சர். மூடச் சொல்லிட்டேன். நேத்து அந்தத் தெருவிலேர்ந்து யாரும் வரல."

வராதவர்களைப் பற்றி ஒருவர் இத்தனை சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பின்னால் யாராவது இதைப் புரட்டினால், ஒன்று செய்து பாருங்கள்: யாருக்காவது ஒரு நிபந்தனை எழுதும் முன், அவர் வாசலிலிருந்து கிளம்பி உங்கள் மேசைவரை மனத்தால் ஒரு தடவை நடந்து வாருங்கள்.