ரத்தத்தில் இல்லை என்றால் கல்தூள் சும்மா விடுமா?

மல்லசமுத்திரம்

அன்பு மகன் மதனுக்கு அம்மா எழுதுவது. சத்தீஸ்கரில் நீ சுகமாக இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன், நீ அனுப்பிய படத்தைப் பார்க்கும் வரைக்கும். இங்கே மழை பரவாயில்லை, எருமை கன்று போட்டிருக்கிறது, அப்பாவுக்கு இருமல்தான் விடவில்லை. போனில் பேசினால் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, உங்கள் போர்வெல் ரிக் வண்டிக்கு மாற்று ஆளாகத் திரும்பவும் வரும் பொன்னன் கையில் கொடுத்துவிடுகிறேன். இதை உன்னால் கட் பண்ண முடியாது.

உனக்குப் புத்தி எங்கே போயிற்று சாமி? அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், அவருடைய அக்காவும் அதிலேயே போனார், பரம்பரையில் இருக்கிறதா என்று பிள்ளைகளுக்கும் பார்த்துவிடலாம் என்று சேலத்து டாக்டர் சொன்னதால்தான் உனக்கும் உன் தங்கை பிரீத்திக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு இருக்கிறது, உனக்கு இல்லை என்று வந்தது. அழுதுகொண்டே உனக்காகக் கோயிலில் தேங்காய் உடைத்தேன். நீ என்ன செய்தாய்? எனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சேம்மா, இனி மாஸ்க்கெல்லாம் எதுக்கு என்று கழற்றி வீசிவிட்டு, முகமெல்லாம் திருநீறு பூசினாற்போலக் கல்தூளோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். தண்ணீர் அடித்துப் போர் போட்டால் தூசி அடங்கும், அதையும் நிறுத்திவிட்டாயாம், அந்தக் காலத்தில் ரிக்கில் நின்ற அப்பா மாதிரி தூளை மோந்து பார்த்தே ஊற்று சொல்லப் போகிறாயாம். பீடி வேறு பழகியிருக்கிறாய், பொன்னன் உளறிவிட்டான். அந்த மூக்கால் பேர் வாங்கிய மனுஷன் இன்றைக்குப் படி ஏற முடியாமல் நிற்கிறார்.

டாக்டரிடம் திரும்பவும் போய்க் கேட்டேன். ரத்தத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் வந்தே தீரும்னு இல்லீங்கம்மா, இல்லாதவங்களுக்கு வராதுன்னும் இல்லீங்க, நாங்க பார்த்தது தெரிஞ்ச சிலதை மட்டுந்தானுங்க, கல்தூளும் பீடியும் யாரு நெஞ்சையும் கெடுக்கும், பரம்பரையும் சேர்ந்தா இன்னும் மோசமுங்க என்றார். அப்பாவுக்கு எல்லாம் சேர்ந்துதான் வந்திருக்கும் போலிருக்கிறது. பிரீத்தியைப் பார். அயோத்தியாப்பட்டணத்தில் மாப்பிள்ளையைச் சிகரெட்டோடு வாசலுக்கு விரட்டிவிட்டாள், வரச் சொன்ன நாளில் தவறாமல் ஸ்கேனுக்குப் போகிறாள், மற்ற நேரம் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இருக்கிறவள் சூதானமாக இருக்கிறாள், இல்லாத நீ இந்த ஆட்டம் ஆடுகிறாய்.

அந்தப் படத்தை அப்பா கண்ணில் காட்டக் கூடாது என்றிருந்தேன். அவரே போனை எடுத்துப் பார்த்துவிட்டார். துண்டு நுனியால் போனைத் துடைத்தார். மறுபடியும் பார்த்தார், மறுபடியும் துடைத்தார். அழுக்கு போன்ல இல்லீங்க, உங்க மகன் மூஞ்சியில இருக்குதுங்க என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பொன்னனிடம் ஒரு பெட்டி மாஸ்க் கொடுத்திருக்கிறேன். முறுக்கு அதற்கு அடியில் இருக்கிறது. இனியும் தண்ணீர் அடிக்காமல் வண்டியை ஓட்டினால் உன் முதலாளியிடம் நானே பேசுவேன், மானம் போகிறது என்று அப்புறம் குதிக்காதே. அங்காளம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீயும் அவளுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணு. மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. எனக்கு வேண்டாம், அப்பாவுக்கு அனுப்பு.

கோபம் ஆறாத உன் அம்மா,
வசந்தாமணி